மாரிக்கு முன்னும் பின்னும்: வன்னியின் மீள்கட்டுமானத்தைக் கண்காணித்த அனுபவம்

இலங்கையின் வட மாகாணத்தில், சிறப்பாக வன்னிப் பெருநிலப்பரப்பில், 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் தொடங்கி, 2006க்கும் 2009க்கும் இடையில் பெரும்பகுதி அழிந்துபோய், அதன் பின்னர் மீண்டும் அத்திவாரத்திலிருந்து எழுப்பப்பட்ட வீதிகள், குளக்கட்டுகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள், குடிநீர்த் திட்டங்கள், வீடுகள் ஆகியவற்றின் வரலாறு செலவுத் தொகைகளாகவும் கட்டட எண்ணிக்கைகளாகவுமே அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. அப்பணிகளைக் களத்தில் நின்று கண்காணித்தவர்களிடம் சேர்ந்துள்ள அறிவு வேறு வகையானது. எந்த மதகு பல மாரிகளைத் தாங்கியது, எது முதல் வெள்ளத்திலேயே கரைந்தது, எந்தப் பாடசாலைக் கட்டடம் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது, எது பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் அவர்களுடைய குறிப்பேடுகளிலும் நினைவிலுமே இருக்கின்றன. கண்காணிப்பாளர் எதைப் பார்த்தார் என்பதைப் போலவே அதை எப்போது போய்ப் பார்த்தார் என்பதும் ஒரு வேலையின் தரத்தைத் தீர்மானித்தது என்பதே அந்த நீண்ட அனுபவத்தின் சாரம்.

கண்காணிப்பாளரின் இடம் ஒப்பந்த ஆவணங்களில் தெளிவாகச் சொல்லப்படுவது அரிது. வேலையை நடத்தும் திணைக்களத்தின் பொறியியலாளரும் அவரின் கீழுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரும் அன்றாட மேற்பார்வையைச் செய்கின்றனர். வேலையை நிறுத்தவும், பிழையானதை இடித்துக் கட்டச் சொல்லவும், பட்டியலுக்குக் கையொப்பமிடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நிதி வழங்கிய நிறுவனத்தின் சார்பிலோ, மாகாண நிர்வாகத்தின் சார்பிலோ, சில வேளைகளில் ஊர்ச் சங்கங்களின் சார்பிலோ வரும் கண்காணிப்பாளருக்கு அந்த அதிகாரம் எதுவும் இல்லை. அவர் பார்க்கலாம், அளக்கலாம், கேட்கலாம், எழுதலாம். எழுதியதை உரியவர்கள் வாசித்து நடவடிக்கை எடுக்கும் வரை விடாமல் நினைவூட்டலாம். அதிகாரம் இல்லாத இந்த நிலையில், உரிய வேளையில் உரிய இடத்தில் நிற்பதே அவருடைய ஒரே வலிமையாக இருந்தது.

வன்னியில் இந்த வேளையைக் கணிப்பதற்கு மூன்று நாட்காட்டிகளை ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முதலாவது திறைசேரியின் நாட்காட்டி: அரச நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது, ஒதுக்கீடு கிடைத்து, மதிப்பீடு தயாரித்து, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுதி முடிவதற்குள் ஆண்டின் பாதிக்கு மேல் கழிந்துவிடும். இரண்டாவது மழையின் நாட்காட்டி: வடக்கின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்துவிடுவதால், குளக்கட்டிலும் வாய்க்காலிலும் கிரவல் வீதியிலும் மண் வேலை செய்யத்தக்க காலம் கோடை மட்டுமே. மூன்றாவது ஊர் திரும்பும் மக்களின் நாட்காட்டி: பாடசாலைத் தவணை எப்போது தொடங்குகிறது, காலபோக விதைப்புக்கு நிலம் எப்போது பண்பட வேண்டும், கிணறு எப்போது வற்றும் என்பவற்றால் அது ஆனது. திறைசேரியின் நாட்காட்டி வேலையைச் செப்டெம்பரில் தொடங்கச் சொல்ல, மழை ஒக்டோபரில் வந்து அதை மூட, ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்ற நெருக்குதலில் நனைந்த மண்ணை அப்படியே அழுத்தி முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டிய வேலைகள், களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கும்.

போர்நிறுத்த காலத்தின் முதல் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்புக்கு ஒரு நல்ல பயிற்சிக்களமாக அமைந்தன. பல ஆண்டுகளாக வன்னிக்குள் சீமெந்து, இரும்புக்கம்பி, எரிபொருள் முதலியவற்றைக் கொண்டுசெல்ல இருந்த தடைகள் நீங்கி, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியும் திறக்கப்பட்டதால், அதுவரை ஓலையும் மரமும் களிமண்ணுமாக இருந்த ஊர்களுக்குக் கட்டடப் பொருள்கள் வரத் தொடங்கின. 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டோக்கியோவில் கூடிய கொடை நாடுகளின் மாநாடு ஏறத்தாழ 450 கோடி அமெரிக்க டொலர் வழங்குவதாக அறிவித்தபோதிலும், களத்தில் காணக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேலைகளே. அந்தச் சிறு வேலைகளே அதிகம் கற்றுத் தந்தன. உலக வங்கியின் உதவியுடன் நடந்த வடகிழக்கு நீர்ப்பாசன வேளாண்மைத் திட்டம் போன்றவற்றில் சிறு குளங்களைத் திருத்தும் வேலை கமக்காரர் அமைப்புகளிடமே ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குளத்து நீரில் விதைக்கப் போகிறவர்களே கட்டுக்கு மண் போட்டதால், துருசு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும், வான் எந்தப் பக்கம் பாயும், கட்டின் எந்த இடம் பழைய உடைப்பு என்பவற்றை அளவைக் கருவி வருமுன்னரே அவர்கள் சொல்லிவிட்டனர். ஊரவர் வேலையின் பயனாளிகள் மட்டுமல்லர், அதன் முதற் கண்காணிப்பாளர்களும் அவர்களே என்ற உண்மை, பின்னாளில் பெரிய திட்டங்கள் வந்தபோது எளிதில் மறக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவையும் வடமராட்சி கிழக்கையும் கிழக்கு மாகாணக் கரைகளையும் அழித்தபோது, நிலைமை முற்றிலும் மாறியது. அதுவரை நிதிப் பற்றாக்குறையோடு நடந்த களத்துக்குள் ஒரே நேரத்தில் பல நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தன் வரைபடத்தையும் தன் தரக் குறியீட்டையும் தன் முடிவுத் திகதியையும் உடன் கொண்டுவந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்டலாம் என்ற விதி முதலில் தெற்கில் 100 மீற்றர் என்றும் வடக்கு, கிழக்கில் 200 மீற்றர் என்றும் வைக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டதால், நிலம் தேடி ஓடிய மாதங்கள் வீணாயின. வடக்கு, கிழக்கில் நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் இணைந்து நிர்வகிப்பதற்காக 2005 ஜூனில் கையொப்பமான பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கை, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவினால் செயலிழந்தது. இந்த நிச்சயமின்மைகளின் நடுவே கண்காணிப்பாளரின் கவனத்தை ஈர்க்க வேண்டியிருந்த ஒன்று மணல். கடற்கரை மணலில் படிந்திருக்கும் உப்பிலுள்ள குளோரைட்டு, கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கொங்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கிறது. திறப்பு விழா நாளில் இது எவருக்கும் தெரியாது. தூணின் அடியில் நெடுக்காக ஒரு வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிய வரும்போது, கட்டிய நிறுவனம் நாட்டை விட்டே போயிருக்கும். எனவே ஆற்று மணலுக்கும் கரை மணலுக்கும் உள்ள வேறுபாட்டை, லொறி வந்து கொட்டும் நேரத்திலேயே அங்கு நின்று பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 வீதி மூடப்பட்டதோடு அந்தக் காலகட்டம் முடிந்தது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டன. அதற்கடுத்த மாதங்களில் கட்டப்பட்டவற்றுள் பெரும்பகுதி மக்களோடு சேர்ந்து சிதைந்தது. கிளிநொச்சியில் அடியோடு சரிந்து கிடந்த நீர்த்தாங்கி அந்த அழிவின் அடையாளமாகப் பின்னர் பலராலும் படமெடுக்கப்பட்டது. கண்காணிப்புத் தொழிலைப் பொறுத்தவரை அந்த அழிவில் இன்னொரு இழப்பும் இருந்தது. இடம்பெயர்ந்த அலுவலகங்களோடு வரைபடங்களும், அளவீட்டுப் புத்தகங்களும், குழாய்ப் பாதைகளைக் காட்டும் தாள்களும் போய்விட்டன. நிலத்துக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தக் கட்டடத்தின் அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்பவற்றை அறிய மீண்டும் தோண்டியே பார்க்க வேண்டியதாயிற்று. முடிந்த வேலையின் வரைபடத்தில் ஒரு படி திணைக்களத்தில், ஒரு படி பிரதேச செயலகத்தில், ஒரு படி அதைப் பயன்படுத்தும் பாடசாலையிலோ சங்கத்திலோ இருக்க வேண்டும் என்று பின்னாளில் வற்புறுத்தியவர்கள், இந்த இழப்பை நேரில் கண்டவர்களே.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்த பின்னர், எந்தக் கட்டுமானத்துக்கும் முன்னதாக நிலக்கண்ணிவெடி அகற்றல் நடைபெற வேண்டியிருந்தது. கண்ணிவெடி அகற்றும் அமைப்பு ஒரு நிலத்துண்டைத் துப்புரவாக்கி, எல்லையைக் குறித்துக் கையளிப்புச் சான்றிதழ் தந்த பின்னரே அங்கு வேலை தொடங்கலாம் என்பது விதி. ஆனால் கட்டடம் நிற்கும் காணிக்குச் சான்றிதழ் இருப்பது மட்டும் போதவில்லை. வீதிக்குக் கிரவல் வெட்டும் இடம், மணல் ஏற்றும் ஆற்றுப்படுகை, தொழிலாளர் விறகு பொறுக்கும் பற்றைக்காடு, லொறி திரும்பும் வெளி ஆகியவையும் துப்புரவான நிலமா என்று கேட்பது கண்காணிப்பாளரின் வேலையாயிற்று. ஒப்பந்தக்காரரிடம் இருந்த சான்றிதழின் எல்லைகளை நிலத்தில் நடந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிரவல் குழி அந்த எல்லைக்கு வெளியே இருந்த இடங்கள் தெரியவந்தன. தாளில் முழுமையாக இருக்கும் ஒரு பாதுகாப்பு, காலடியில் முழுமையாக இருக்கிறதா என்பதை அங்கு நடப்பவர்தாம் அறிய முடியும்.

மெனிக் பாம் முதலான முகாம்களில் இருந்த ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் கட்டம் கட்டமாக ஊர்களுக்கு அனுப்பப்பட்டு, 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்படும் வரையிலான மூன்று ஆண்டுகள், வேகம் ஒன்றே அளவுகோலாக இருந்த காலம். தறப்பாள் கூரையின் கீழும் மரநிழலிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கையில், ஒரு வகுப்பறைக் கட்டடத்தைத் தாமதிக்கச் சொல்வது எவருக்கும் எளிதன்று. அந்த அவசரம் நியாயமானது. ஆனால் அவசரத்தின் விலை எங்கே செலுத்தப்படுகிறது என்பதைக் கண்காணிப்பாளர் அறிந்திருக்க வேண்டும். சாயமும் கதவும் யன்னலும் அவசரத்தில் கெட்டால் பின்னர் திருத்தலாம். அத்திவாரமும், கம்பிக்கட்டும், மண் அழுத்தமும், கொங்கிரீட்டுக் கலவையும் கெட்டால், அவை மூடப்பட்டுவிட்ட பின்னர் எவராலும் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் தூண்களுக்குக் கொங்கிரீட்டு இடும் காலைப்பொழுது, இந்தத் தொழிலின் முழு இயல்பையும் காட்டக்கூடியது. கம்பிக்கும் பலகைக்கும் இடையில் கொங்கிரீட்டு நிறைவதற்காக வைக்கப்படும் சிறு சீமெந்துக் கட்டைகள் உரிய இடங்களில் கட்டப்பட்டுள்ளனவா என்று பலகை அடைக்கப்படுவதற்கு முன்னரே பார்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் கம்பி பலகையோடு ஒட்டி நின்று, பின்னர் வெளிக்காற்றும் உப்பும் எளிதில் அதை எட்டிவிடும். கலவையில் மணலையும் கல்லையும் அளவுப்பெட்டியால் அளக்கிறார்களா, தாச்சிக் கணக்கில் கொட்டுகிறார்களா என்பது அடுத்தது. மூன்றாவதாக நீர். நீர் கூடினால் கலவை இளகி வேலை எளிதாகிறது. ஆனால் அது இறுகும்போது வலிமை குறைகிறது. இதை அறிவதற்குச் சரிவுச் சோதனை என்ற எளிய வழி உண்டு: 300 மில்லிமீற்றர் உயரமான ஓர் இரும்புக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை மெதுவாக உயர்த்தி, குவியல் எவ்வளவு சரிகிறது என்று அளப்பதே அது. கலவையை அச்சில் இட்டு வார்த்த கனசதுரக் கட்டிகளை 28 நாள் கழித்து நொறுக்கிப் பார்க்கும் சோதனையே அதிகாரபூர்வமானது. ஆனால் அந்த முடிவு வந்து சேரும்போது தூணின் மேல் விட்டமும் விட்டத்தின் மேல் கூரையும் ஏறியிருக்கும். கூம்பு கழுவப்படாமல் களஞ்சியத்தின் மூலையில் காய்ந்து கிடந்தால், அந்தக் களத்தின் சோதனைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் எண்களுக்கு என்ன மதிப்பு என்பதைக் கண்காணிப்பாளர் வேறு எவரிடமும் கேட்கத் தேவையில்லை.

வீதி வேலைகளில் இதே பாடம் மதகுகளின் வடிவில் வந்தது. தார் வீதியின் மேற்பரப்பு எல்லோருடைய கண்ணிலும் படுவது. அதை அழகாக முடிக்க ஒப்பந்தக்காரருக்கும் ஆர்வம் உண்டு. வீதியின் ஆயுளைத் தீர்மானிப்பவை அதன் கீழுள்ள மண் அடுக்குகளின் இறுக்கமும், நீர் கடந்து போகும் மதகுகளின் மட்டமுமே ஆகும். வரைபடங்கள் பெரும்பாலும் கோடையில் எடுத்த அளவுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டதால், மாரியில் நீர் எங்கே குறுக்கறுத்து ஓடும் என்பது அவற்றில் முழுமையாக இருப்பதில்லை. வயல்வெளியொன்றை ஊடறுத்த ஓர் உள்வீதியில் குழாய் மதகு பதிக்கப்பட்ட மறுநாள், அவ்வழியே வந்த முதிய கமக்காரர் ஒருவர் குழாயின் வாயைக் கைத்தடியால் காட்டி, "தம்பி, தண்ணி வாற பக்கம் இதில்லை, அந்த மருதமரத்தடியாலை எல்லோ பாயும்" என்று சொன்னதோடு, குழாயின் அடிமட்டம் மேற்புற வயலின் மட்டத்தை விட உயர்ந்திருப்பதையும் சுட்டிக்காட்டினார். மட்டக்கருவி வைத்து அளந்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்த மதகு மழைக்கு முன் இடம்மாற்றப்பட்டதற்குக் காரணம், அந்தக் குறிப்பு எழுத்தில் இருந்ததும், வேலைக்கான பணம் இன்னும் கொடுக்கப்படாமல் இருந்ததுமே. பணம் கொடுபட்ட பின் எழுதப்படும் குறிப்புக்குக் கோப்பில் மட்டுமே இடம் உண்டு.

ஒப்பந்தங்களின் அடுக்கும் கவனிக்கத்தக்கது. பெரிய வேலைகளைத் தலைநகரில் பதிவுபெற்ற நிறுவனங்கள் எடுத்து, உபஒப்பந்தக்காரருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, கடைசியில் வேலையை உண்மையில் செய்யும் மேசன் குழுவைச் சேரும்போது மதிப்பீட்டிலிருந்த விலையில் கணிசமான பகுதி இடைநிலைகளில் கரைந்திருக்கும். எஞ்சிய தொகைக்குள் இலாபம் காண வேண்டியவர், சீமெந்தையும் கம்பியையும் தவிர வேறெதைக் குறைக்க முடியும்? இந்த அடுக்கு எந்த ஆவணத்திலும் முழுமையாகத் தெரிவதில்லை. ஆனால் களத்துக்கு அருகிலுள்ள தேநீர்க்கடையில் தொழிலாளரின் கடன் எத்தனை வாரமாக நிற்கிறது என்று கேட்டால், எந்த வேலை விரைவில் நின்றுபோகும் என்பது முன்னேற்ற அறிக்கை வருமுன்னரே தெரிந்துவிடும். கூலி கிடைக்காத மேசன்கள் விட்டுப்போன அரைகுறைச் சுவர்களை, பௌதிக முன்னேற்றத்தையும் நிதி முன்னேற்றத்தையும் சதவீதமாக மட்டும் காட்டும் அட்டவணைகள் முன்கூட்டிக் காட்டியதில்லை.

இந்திய அரசின் நன்கொடையில் 50,000 வீடுகளைக் கட்டும் திட்டம், கண்காணிப்பின் பொறுப்பை வேறொரு முறையில் பகிர்ந்தளித்தது. 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய அதன் பெரும் கட்டத்தில், வீட்டுக்காரரே தம் வீட்டைக் கட்டிக்கொள்ள, ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக அவருடைய வங்கிக் கணக்குக்கே செலுத்தப்பட்டது. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் சரிபார்க்கப்பட்ட பின்னரே அடுத்த தவணை வந்தது. தன் வீட்டுக்குத் தானே சீமெந்து வாங்கும் பெண்ணை விடக் கூர்மையான கண்காணிப்பாளர் கிடைப்பது அரிது. பை எத்தனை வந்தது, எத்தனை கலந்தது என்பதை அவர் மனக்கணக்காகச் சொன்னார். ஆயினும், பல்லாயிரம் வீடுகள் ஒரே காலத்தில் எழுந்ததால் மேசன் கூலியும் மணல் விலையும் ஏற, உதவித் தொகைக்கு மேல் கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் வீட்டை முடித்த குடும்பங்கள் பல. கூரை ஏறிவிட்டது என்று பதிவு செய்து திரும்பிய கண்காணிப்பு, அந்தக் கூரை எந்தக் கடனின் மேல் நிற்கிறது என்று கேட்கவில்லை. இந்த அனுபவத்துக்குப் பின்னரே, வீட்டின் அளவோடு குடும்பத்தின் கடன் நிலையையும் கேட்கும் வழக்கம் சில படிவங்களில் இடம்பெற்றது.

வடக்கு ரயில் பாதையின் மீள்நிர்மாணம் இதற்கு நேர்மாறான அளவிலான வேலை. 1990 ஜூன் மாதத்தோடு நின்றுபோன யாழ்ப்பாணச் சேவையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்ததால், இந்தியக் கடனுதவியோடு இர்கொன் நிறுவனம் பாதையை ஏறத்தாழ முழுமையாகப் புதிதாக அமைத்தது; 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் சென்றது. இத்தகைய பெரிய வேலைக்குரிய பொறியியல் கட்டுப்பாடுகள் வலுவானவை. தண்டவாளத்தின் தரம் பற்றி வெளியாள் சொல்ல வேண்டியது அதிகமில்லை. பாதையின் இரு மருங்கிலும் வாழ்ந்தவர்களுக்கு முக்கியமானவை வேறாக இருந்தன. கால் நூற்றாண்டாக ரயிலே ஓடாத இடத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, காவலற்ற கடவையைக் கடக்கும் பழக்கம் இருக்கவில்லை. அந்தக் கடவைகளில் நேர்ந்த உயிரிழப்புகள், ஒரு கட்டமைப்பு அதன் எல்லைக் கோட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதை மிகக் கொடுமையான முறையில் உணர்த்தின. கண்காணிப்பின் வட்டத்துக்குள் பாதை மட்டும் இருந்து, பாதையைக் கடந்து பாடசாலைக்குப் போகும் பிள்ளை இல்லாமற் போனால், அந்தக் கண்காணிப்பு அரைகுறையானது.

மக்களிடம் எப்போது கேட்பது என்ற கேள்வியை, யாழ்ப்பாணம்–கிளிநொச்சி குடிநீர்த் திட்டத்தைப் போல வேறெதுவும் தெளிவாக எழுப்பவில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட அத்திட்டம், இரணைமடுக் குளத்தின் நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் எண்ணத்தோடு தொடங்கியது. சிறுபோகத்துக்கே நீர் போதாத ஆண்டுகளை அறிந்த கிளிநொச்சிக் கமக்காரர்கள் அதை எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தின் குடிநீர்த் தேவையும் உண்மையானதே. ஈற்றில் மூலம் மாற்றப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. இடையில் கழிந்த ஆண்டுகளை நோக்கும்போது, குளத்தின் நீரைப் பங்கிடும் பேச்சு குழாயின் விட்டம் கணிக்கப்படுவதற்கு முன்னரே கமக்காரர் அமைப்புகளோடு முழுமையாக நடந்திருக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. வேலை தொடங்கிய பின் நடத்தப்படும் கலந்தாலோசனையை, ஊரவர் அறிவித்தலாகவே எடுத்துக்கொள்கின்றனர்.

கட்டி முடிந்ததற்குப் பிந்திய காலமே கண்காணிப்பில் மிகவும் வறியதாக இருந்தது. ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்ற ஒன்று உண்டு: வேலை கையளிக்கப்பட்ட பின் குறித்த மாதங்களுக்குள் வெளிப்படும் பழுதுகளை ஒப்பந்தக்காரரே தம் செலவில் திருத்த வேண்டும், அதற்குப் பிணையாகப் பட்டியல் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் 5 சதவீதம், பிடித்து வைக்கப்படும். ஆனால் சனவரியில் கையளித்த ஒரு மதகுக்கு ஆறு மாதப் பொறுப்புக் காலம் வைத்தால், அது ஜூலையில் முடிந்துவிடும். அதற்குள் அந்த மதகின் வழியே ஒரு துளி மாரிநீரும் ஓடியிருக்காது. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்க, ஒக்டோபர் வெள்ளத்தில் அணைமண் கரைந்தபோது பொறுப்பேற்க எவருமில்லாத நிலை ஏற்பட்டது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த பெருவெள்ளம், போருக்குப் பின் கட்டப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் வைக்கப்பட்ட சோதனையாக அமைந்தது. அதற்குப் பின் நடந்து பார்த்தவர்களுக்கு, எந்த ஊரில் நீரின் பழைய வழி கேட்டறியப்பட்டது, எந்த ஊரில் கேட்கப்படவில்லை என்பது நிலத்திலேயே தெரிந்தது.

பராமரிப்பு இதனோடு சேர்ந்த குறை. புதிய மலசலகூடத் தொகுதி இருந்தும் நீர் ஏற்றும் பம்பிக்கு மின்கட்டணம் செலுத்த வழியில்லாத பாடசாலை, கட்டடம் இருந்தும் மருத்துவ மாது நியமிக்கப்படாத கிராமச் சுகாதார நிலையம், பெரிய சந்தைக் கட்டடத்தைப் பொறுப்பேற்றும் அதைக் கூட்டித் துப்புரவாக்க வருமானமில்லாத பிரதேச சபை ஆகியவை அறிக்கைகளில் நூறு சதவீதம் முடிந்த வேலைகளாகவே இருந்தன. மதிப்பீடு தயாரிக்கும் மேசையிலேயே, இதை யார் நடத்துவார், எந்தப் பணத்தில் நடத்துவார் என்ற கேள்வி எழுத்தில் கேட்கப்பட்டு, எழுத்தில் விடை பெறப்படாத எந்தக் கட்டடமும் இந்த ஆபத்திலிருந்து தப்பவில்லை.

இந்தக் காலத்துள் கருவிகளும் விதிகளும் பெரிதும் மாறின. தொடக்கத்தில் படச்சுருள் கமராவும் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு நடந்த வேலை, பின்னர் இடக்குறிப்போடு படம் பதியும் கைத்தொலைபேசிக்கும் செய்மதிப் படங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே கட்டடத்தை இரண்டு திட்டங்களின் கணக்கில் காட்டுவது இதனால் கடினமாகியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஊர்ச் சங்கத்தின் செயலாளர் ஒருவரும் ஒரு வேலையின் அளவுப்பட்டியலைக் கேட்டுப் பெறும் வழியைத் திறந்தது; அளவுப்பட்டியல் என்பது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு பொருள், எவ்வளவு விலை என்று காட்டும் ஆவணம் ஆதலால், அது கையில் இருக்கும் ஊருக்கும் இல்லாத ஊருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆயினும் வானிலிருந்து எடுத்த படம் கூரையைத்தான் காட்டும், கூரைக்குக் கீழுள்ள தூணின் கம்பியைக் காட்டாது. தொலைவிலிருந்தே கண்காணித்துவிடலாம் என்ற நம்பிக்கை வளர்ந்த அளவுக்கு, மூடப்படும் முன் போய் நிற்பவர்களின் எண்ணிக்கை குறைந்து வந்தது கவலைக்குரியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாவைத் தாண்டி, வேலைகள் பாதியில் நின்றபோது, நின்ற நிலையில் ஒவ்வொன்றையும் அளந்து பதிந்து வைக்க ஆளில்லாமல் போனது இதன் விளைவே. வெயிலிலும் மழையிலும் துருவேறி நின்ற கம்பிகளின் மேல் பின்னர் வேலை தொடரும்போது, அவற்றின் நிலை என்ன என்பதைச் சொல்லும் பதிவு தேவைப்படுகிறது.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கற்ற இந்தப் பாடங்களிலிருந்து பெறக்கூடிய நடைமுறைகள் சிக்கலானவை அல்ல. மண் வேலைக்கான ஒப்பந்தங்களை ஆண்டின் முதல் காலாண்டில் எழுதி முடிப்பதும், முடியாதபோது நிதியை அடுத்த கோடைக்கு எடுத்துச் செல்ல அனுமதிப்பதும் முதலாவது. குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தை மாதக் கணக்கில் மட்டும் வைக்காமல், ஒரு முழு மாரியைக் கடந்த பின் கூட்டாகப் பார்வையிட்ட பிறகே பிடித்து வைத்த பணத்தை விடுவிப்பது இரண்டாவது. அத்திவாரம், கம்பிக்கட்டு, மண் அழுத்தம், குழாய் பதித்தல் ஆகிய நான்கும் மூடப்படுவதற்கு முன் ஊரின் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து பார்த்துக் கையொப்பமிடுவது மூன்றாவது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு இதில் பயிற்சி அளித்த இடங்களில் அவர்கள் பொறியியலாளருக்கே துணையாக இருந்தனர். கண்காணிப்பு அறிக்கையின் தமிழ்ப் படியை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது நான்காவது. தம் ஊரைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசிக்க முடியாத மக்களிடம் அடுத்த முறை உண்மையைக் கேட்டுப் பெறுவது கடினம்.

இரண்டு முறை கட்டி ஒருமுறை முழுதாய் இழந்த ஒரு நிலப்பரப்புக்கு, மூன்றாம் முறையும் அரைகுறையாகக் கட்டும் வசதி இல்லை. நெருக்கடிக்குப் பின்வரும் பணம் குறுகிய காலத்துக்கே வரும். அது வரும் ஆண்டுகளில் எழுப்பப்படும் வீதியையும் குளக்கட்டையும் பாடசாலையையும் கொண்டுதான் அடுத்த தலைமுறை வாழ வேண்டியிருக்கிறது. ஆகவே, கண்காணிப்புக்கு ஒதுக்கப்படும் சிறு தொகையை நிர்வாகச் செலவாகக் கருதி முதலில் வெட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். கொங்கிரீட்டு இறுகுவதற்கு முன் ஒருமுறையும், மாரி கடந்த பின் ஒருமுறையும் அறிந்த ஒருவர் போய் நிற்பதற்கான செலவு, இடித்துக் கட்டும் செலவின் முன் மிகச் சிறியது.